தர்மக் கணக்கும் வரிக் கணக்கும்



நமது அறநிலையத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி செயலவையினர் கேட்டபோது முதலில் தயங்கினேன். தல வரலாறு எழுதவும் சமய விளக்கம் எழுதவும் என்னைவிடத் தகுதி வாய்ந்தோர் பலர் இருக்கிறார்கள். "உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள் ஐயா, அது போதும்" என்றார்கள். எனக்குத் தெரிந்தது கணக்கு. மஸ்ஜித் இந்தியா வட்டாரத்துக் கடைகளில் நெடுங்காலம் பேரேடு எழுதிய கை இது. ஆகவே இந்த மலருக்கு ஏற்றபடி தர்மத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் கணக்குப்பிள்ளையின் மேசையிலிருந்து எழுதுகிறேன்.

கோயிலுக்கும் அறப்பணிக்கும் கொடுக்கும் பணத்தை வணிகச் செலவாகக் கழிக்க முடியுமா? மலரில் கொடுக்கும் விளம்பரம் எந்தக் கணக்கில் சேரும்? இக்கேள்விகளுக்கு வரித் தீர்ப்பாயங்களும் நீதிமன்றங்களும் என்ன விடை சொல்லியிருக்கின்றன என்பதை இங்கே காண்போம். அதற்கு முன்பு, இவற்றை நான் படிக்க நேர்ந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாளி கேட்ட கேள்வி

1986ஆம் ஆண்டு. அப்போது நான் இந்த வட்டாரத்தில் ஒரு புடவைக் கடையில் கணக்கெழுதிக் கொண்டிருந்தேன். முந்தைய ஆண்டு தொடங்கிய பொருளாதார மந்தம் தீரவில்லை. கடையில் வியாபாரம் பாதியாகக் குறைந்திருந்தது. அந்த நிலையிலும் முதலாளி, கிள்ளான் பக்கத்தில் உள்ள ஒரு அம்மன் கோயிலின் திருப்பணிக்கு முன்பே வாக்குக் கொடுத்திருந்த 18,000 வெள்ளியைத் தவறாமல் கொடுத்தார். அக்கோயிலார் வெளியிட்ட குடமுழுக்கு மலரில் எங்கள் கடைக்கு ஒரு முழுப்பக்க விளம்பரம் வந்தது.

எனக்கு அப்போது இளவயது, அரைகுறைக் கணக்கறிவு. அந்த 18,000 வெள்ளியையும் 'விளம்பரச் செலவு' என்ற தலைப்பில் ஏற்றிவிட்டேன். முதலாளி சொல்லிச் செய்ததன்று. அவருக்கு உதவி செய்வதாக நினைத்து நானே செய்தது. மலரைப் பார்த்தால் விளம்பரம் இருக்கிறது, காசோலை இருக்கிறது, பிறகென்ன என்று எண்ணினேன்.

கணக்கைப் பார்த்த வரி அதிகாரி இரண்டே கேள்விகள் கேட்டார். "இந்த மலரில் முழுப்பக்க விளம்பரத்துக்கு மற்ற கடைக்காரர்கள் எவ்வளவு கொடுத்தார்கள்?" 500 வெள்ளி என்று மலர்க்குழுவின் கட்டணத் தாளிலேயே அச்சாகியிருந்தது. "இந்தக் கோயிலுக்கு வரிவிலக்கு நன்கொடை பெறும் அங்கீகாரம் உண்டா?" இல்லை. ஆக, 500 வெள்ளியை விளம்பரம் என்று ஏற்றுக்கொண்டு, மீதி 17,500 வெள்ளியை வருமானத்தோடு கூட்டி, வரியும் அதன்மேல் அபராதமும் விதித்துக் கடிதம் வந்தது.

முதலாளி கடிதத்தைப் படித்து மடித்து வைத்தார். "ஏன் தம்பி, அம்மனுக்குக் கொடுத்த காசுக்குமா வரி?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் நான் தீர்ப்புகளைப் படிக்கத் தொடங்கினேன்.

சட்டம் கேட்கும் கேள்வி

நம் நாட்டில் இன்று நடைமுறையில் உள்ளது 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம். 1968 ஜனவரி முதல் நாள் அது நடப்புக்கு வந்தது. அதன் 33(1) பிரிவு வணிகச் செலவுக்கான தலைவாசல். வருமானத்தை ஈட்டுவதற்கென்றே, முழுமையாகவும் பிரத்தியேகமாகவும் ஏற்பட்ட செலவை மொத்த வருவாயிலிருந்து கழிக்கலாம் என்பது அதன் சாரம். 39ஆம் பிரிவு அதன் காவலாளி. வீட்டுச் செலவு, சொந்தச் செலவு, முதலீட்டுச் செலவு போன்றவற்றை உள்ளே விடாமல் அது நிறுத்திவிடும்.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. செலவு நல்லதா, கெட்டதா என்று சட்டம் கேட்பதில்லை. அவசியமா, வீணா என்றும் பெரும்பாலும் கேட்பதில்லை. இந்தச் செலவு எதற்காக ஏற்பட்டது என்றுதான் கேட்கிறது. நம் முதலாளியின் கேள்விக்கு விடை இதற்குள் இருக்கிறது. அம்மனுக்குக் கொடுத்தது மிக நல்ல செலவு. ஆனால் அது புடவை விற்பதற்காக ஏற்பட்ட செலவன்று.

இந்த அளவுகோல் பிரிட்டிஷ் வரிச் சட்டத்திலிருந்து நமக்கு வந்தது. அங்கே 1906இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த ஒரு வழக்கை வரி படிப்போர் எல்லோரும் அறிவர். மது வடிக்கும் நிறுவனம் ஒன்று தங்கும் விடுதியும் நடத்தியது. விடுதியின் புகைபோக்கி சரிந்து, அங்கே உறங்கிக் கொண்டிருந்த விருந்தினர்மேல் விழுந்தது. அவருக்கு நிறுவனம் கொடுத்த இழப்பீடும் வழக்குச் செலவும் சேர்ந்து 1,490 பவுன். அதைக் கழிக்க முடியாது என்றது தீர்ப்பு. வியாபாரம் நடக்கும்போது ஏற்பட்ட செலவு என்பது மட்டும் போதாது, இலாபம் ஈட்டும் நோக்கத்துக்காக ஏற்பட்டிருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. கட்டிய பணம் நியாயமானதுதான். ஆனால் நியாயம் வேறு, கழிவு வேறு.

1983இல் இன்னொரு வழக்கு. நீதிமன்றத்தில் அணிவதற்கென்றே வாங்கிய கறுப்பு உடைகளின் செலவைக் கழிக்கக் கேட்டார் ஒரு பெண் வழக்கறிஞர். உடை தொழிலுக்கு வேண்டியதுதான். ஆனால் உடலை மூடவும் குளிர் காக்கவும் மனிதருக்கு உடை வேண்டுமே! இரண்டு நோக்கங்களையும் பிரிக்க இயலாதபோது 'பிரத்தியேகமாக' என்ற சொல் நிறைவேறவில்லை என்று பிரபுக்கள் சபை மறுத்துவிட்டது. ஒரு செலவுக்குள் இரண்டு நோக்கங்கள் பிரிக்க முடியாமல் கலந்திருந்தால் முழுதும் போய்விடும். பிரிக்க முடிந்தால் வணிகப் பகுதி நிற்கும். எங்கள் கடைக் கணக்கில் 500 வெள்ளி பிழைத்ததும் 17,500 வெள்ளி வீழ்ந்ததும் இந்த முறையில்தான்.

அறச்செலவே வணிகச் செலவாகும்போது

அப்படியானால் பொதுநலத்துக்குச் செய்த செலவு எதுவுமே வணிகச் செலவாகாதா என்றால், அதுவும் இல்லை. இதற்கு இந்தியாவிலிருந்து இரண்டு வழக்குகளைச் சொல்லலாம். அங்கே 1941 ஜனவரி 25 அன்று அமைக்கப்பட்ட வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், அந்நாட்டின் மூத்த தீர்ப்பாயமாக மதிக்கப்படுகிறது. அந்நாட்டுத் தீர்ப்புகள் நம்மைக் கட்டுப்படுத்தா. ஆயினும் இரு நாட்டுச் சட்டங்களும் ஒரே வேரில் கிளைத்தவை என்பதால் நம் வழக்குகளிலும் அவை எடுத்துக்காட்டப்படுவது உண்டு.

முதலாவது, ஆந்திர மாநிலத்து அரிசி ஆலைக்காரர்கள் வழக்கு. மாவட்ட ஆட்சியர் நிருவகித்த நலநிதிக்குக் குவிண்டாலுக்கு இவ்வளவு என்று பணம் கட்டினால்தான் அரிசியை வெளியே அனுப்ப அனுமதி கிடைக்கும் என்ற நிலை இருந்தது. பெயரளவில் அது நன்கொடை. ஆனால் அதைக் கட்டாவிட்டால் வியாபாரம் நடக்காது. இந்திய உச்ச நீதிமன்றம் 1990களில் அளித்த தீர்ப்பில், வணிகத்தோடு நேரடித் தொடர்புடைய இத்தகைய பங்களிப்பு வணிகச் செலவே என்று ஏற்றது. 'நன்கொடை' என்று பெயர் எழுதியிருந்ததால் அது கெட்டுவிடவில்லை.

இரண்டாவது, நம் தமிழகத்து வழக்கு. சென்னைக்கு வடக்கே மணலியில் இருந்த மெட்ராஸ் ரிஃபைனரீஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிறுவனம், தன் ஆலையைச் சுற்றி வாழும் மக்களுக்குக் குடிநீர் தரவும் அங்குள்ள பள்ளிக்கூடத்துக்கு உதவவும் பணம் செலவிட்டது. வரித்துறை மறுத்தது, தீர்ப்பாயம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. 2004இல் வெளியான சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பும் தீர்ப்பாயத்தின் முடிவை உறுதி செய்தது. ஊரோடு நல்லுறவு இல்லாமல் தொழில் நடக்காது, சுற்றியுள்ள மக்கள்பால் காட்டும் அக்கறையும் இன்றைய வணிகத்தின் ஒரு கூறு என்பது அதன் சாரம்.

ஆனால் இந்தக் கதவைச் சட்டமன்றமே பின்னர் ஓரளவு சாத்தியது. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின்படி பெருநிறுவனங்கள் கட்டாயமாகச் செய்யவேண்டிய சமூகப் பொறுப்புச் செலவை வணிகச் செலவாகக் கழிக்க முடியாது என்று இந்தியா 2014இல் திருத்தம் கொண்டுவந்தது. நம் நாட்டிலோ, கல்வி, சுகாதாரம், வீட்டு வசதி போன்ற சமூகத் திட்டங்களுக்கு முன்னதாகவே அமைச்சரின் ஒப்புதல் பெற்றுச் செய்யும் செலவுக்கு 34(6) பிரிவில் தனியிடம் தரப்பட்டிருக்கிறது. ஒப்புதல் முன்னால், செலவு பின்னால் என்பதை நிறுவனம் நடத்தும் அன்பர்கள் நினைவிற் கொள்க.

மலர் விளம்பரம்

இப்போது நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்த மலருக்கே வருவோம். இதன் பக்கங்களில் நகைக்கடை, துணிக்கடை, மளிகைக் கடை, உணவகம் என எத்தனையோ விளம்பரங்கள் உள்ளன. இவை வணிகச் செலவா, நன்கொடையா?

இந்தியச் சட்டம் இதை ஒரு கோணத்தில் தொட்டிருக்கிறது. அரசியல் கட்சி வெளியிடும் மலர், கையேடு, துண்டறிக்கை ஆகியவற்றில் செய்யும் விளம்பரச் செலவைக் கழிக்கக்கூடாது என்று 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு தனி உட்பிரிவே சேர்க்கப்பட்டது. விளம்பரம் என்ற போர்வையில் நன்கொடை போய்க்கொண்டிருந்ததே அதற்குக் காரணம். நம் நாட்டில் ஆலய மலர்களைப் பற்றி 33ஆம் பிரிவின் பொது அளவுகோலே பேசுகிறது. ஆகவே மூன்று கேள்விகளை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று, விளம்பரத்தில் கடையின் பெயர், முகவரி, விற்கும் பொருள் இருக்கின்றனவா? 'உங்கள் நல்லாசி வேண்டும் அன்பர்' என்று மட்டும் அச்சிட்டால் அது வாழ்த்து. வாடிக்கையாளரைக் கடைக்கு அழைக்காது.

இரண்டு, கொடுத்த தொகை அச்சிட்ட கட்டணத்துக்கு ஒத்ததா? 500 வெள்ளிப் பக்கத்துக்கு 5,000 வெள்ளி கொடுத்தால் மீதி 4,500 வெள்ளி உங்கள் பெருந்தன்மை. அதைப் பெருந்தன்மையாகவே எழுதுங்கள்.

மூன்று, விளம்பரத்துக்கென்று தனிப் பற்றுச்சீட்டும் அச்சான பக்கமும் கோப்பில் உள்ளனவா? நன்கொடைச் சீட்டையும் விளம்பரச் சீட்டையும் ஒன்றாகப் போட்டால் பின்னாளில் பிரிக்க முடியாது.

தீபாவளிப் பரிசுப் பொருள்களைப் பற்றியும் பலர் கேட்பதுண்டு. வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் விருந்தும் பரிசும் 'விருந்தோம்பல்' என்ற தலைப்பில் வந்து, 39ஆம் பிரிவின்படி பொதுவாகப் பாதிதான் கழியும். பணியாளர்களுக்கு அளிக்கும் விருந்துக்கு முழுக் கழிவு உண்டு. உராய்வெண்ணெய் விற்கும் ஆஸ்பேக் நிறுவனம், தன் பொருளை வாங்கியவர்களுக்குக் கொடுத்த இலவசப் பொருள்கள் விருந்தோம்பலா என்ற வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்றது. வாங்கியவருக்கு மட்டுமே கிடைத்த பொருள் விற்பனையோடு பிணைந்தது, விருந்தோம்பல் அன்று என்று 2007இல் வெளிவந்த தீர்ப்பு நிறுவனத்துக்குச் சாதகமாயிற்று. பிற்காலத்தில் 'விருந்தோம்பல்' என்ற சொல்லின் விளக்கம் சட்டத்திலேயே விரிவாக்கப்பட்டது. ஆகவே பழைய தீர்ப்பை மட்டும் நம்பிக் கணக்கெழுதக் கூடாது என்பதற்கும் இவ்வழக்கு ஒரு பாடம்.

மகமை சொல்லும் வழி

நம் முன்னோருக்கு இந்தக் குழப்பம் இருக்கவில்லை என்றே சொல்வேன். லெபோ அம்பாங் கிட்டங்கிகளில் பெட்டியடிக்கு முன் அமர்ந்து கொண்டுவிற்ற நகரத்தார், ஏட்டில் பிள்ளையார் சுழி இட்டதோடு நில்லாமல் தர்மத்துக்கென்று தனிப் பற்று வைத்து எழுதினார்கள். வியாபாரத்தில் இவ்வளவுக்கு இவ்வளவு என்று எடுத்து வைக்கும் மகமைப் பணத்தால் கோயில்களும் சத்திரங்களும் எழுந்தன. விருதுநகரில் நாடார் பெருமக்கள் மகமையாலும் பிடி அரிசியாலும் வளர்த்த கல்விச்சாலையில்தான் பெருந்தலைவர் காமராசர் சிறுவயதில் படித்தார்.

மகமையைப் போலவே வடநாட்டில் 'தர்மாதா' என்றொரு வழக்கம் உண்டு. உத்தரப் பிரதேசத்துப் பிஜிலி காட்டன் மில்ஸ் நிறுவனம், நூலும் பஞ்சும் விற்கும்போது விலைக்கு மேலாக ஒரு சிறு தொகையைத் தர்மாதா என்று விலைச்சீட்டில் தனியே காட்டி வாங்கியது. அதைத் தனிக் கணக்கில் வரவு வைத்து அறப்பணிக்கே செலவிட்டது. வரித்துறை, இதுவும் விற்பனை வரவுதான் என்றது. 1979ஆம் ஆண்டுத் தொகுப்புகளில் வெளியான இந்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அதை மறுத்தது. அந்தப் பணம் கைக்கு வரும்போதே தர்மத்துக்கென்று கட்டுண்டு வருகிறது. ஆகவே அது தொடக்கம் முதலே நிறுவனத்தின் வருமானம் அன்று என்றது.

இந்த வழக்கையும் என் முதலாளியின் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவரும் தர்மமே செய்தார்கள். ஆனால் அந்த ஆலைக்காரர்கள் தர்மப் பணத்தை முதல் நாளிலிருந்தே தனி ஏட்டில் வைத்தார்கள். நானோ அதை வேறொரு பெயரில் மறைத்தேன். வென்ற கணக்கு திறந்த கணக்கு. 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்று பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

தர்மத்துக்கென்று தனி வாசல்

வணிகச் செலவு என்ற வாசல் வழியே நன்கொடையைக் கொண்டுபோக வேண்டியதில்லை. அதற்கென்று 44(6) பிரிவு என்ற தனி வாசலைச் சட்டமே திறந்து வைத்திருக்கிறது. அதன் வழியே செல்ல நிபந்தனைகள் உண்டு.

கொடுப்பது பணமாக இருக்க வேண்டும். அரிசி மூட்டை, சிமெண்டு, விளக்கு, உடல் உழைப்பு ஆகியவை இப்பிரிவில் வாரா. பெறுகின்ற அமைப்போ நிதியோ இப்பிரிவின் கீழ் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்ற சங்கம் என்பதாலோ, நூறாண்டுக் கோயில் என்பதாலோ அங்கீகாரம் தானாக வந்துவிடாது. விண்ணப்பித்துப் பெற வேண்டும். அங்கீகார விவரம் அச்சிட்ட முறையான பற்றுச்சீட்டு கையில் இருக்க வேண்டும்.

அளவும் உண்டு. அங்கீகாரம் பெற்ற அமைப்புகளுக்குக் கொடுக்கும் நன்கொடையில், மொத்தத் திரட்டு வருமானத்தின் 10 விழுக்காடு வரைதான் கழியும். தனிநபர்களுக்கு முன்பு 7 விழுக்காடாக இருந்த வரம்பு 2020ஆம் மதிப்பீட்டு ஆண்டு முதல் 10 ஆயிற்று.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு கடைக்காரருக்கு எல்லா வழிகளிலும் திரண்ட வருமானம் 120,000 வெள்ளி. அங்கீகாரம் பெற்ற அறநிலையத்துக்கு அவர் கொடுத்தது 15,000 வெள்ளி. பத்து விழுக்காடு 12,000 வெள்ளி. அது கழியும்; மீதி 3,000 வெள்ளி கழியாது, அடுத்த ஆண்டுக்கும் செல்லாது. அங்கீகாரம் இல்லாத இடத்துக்குக் கொடுத்திருந்தால் 15,000 வெள்ளியும் கழியாது. புண்ணியத்தில் குறைவில்லை, கழிவில்தான் குறைவு.

அறங்காவலர்களுக்கு ஒரு வழக்கு

கொடுப்பவர் எல்லாம் சரியாகச் செய்தும் வாங்குபவரால் கழிவு போய்விடுவது உண்டு. சென்னையைச் சேர்ந்த ஈஸ்ட் இந்தியா இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனம் அகஸ்தியர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்கு நன்கொடை கொடுத்து, அதற்குரிய வரிச்சலுகையைக் கேட்டது. அறக்கட்டளை ஆவணத்தில் நல்ல நோக்கங்கள் பல இருந்தன. அவற்றோடு மருந்து முதலிய பொருள்களைத் தயாரித்து விற்பதும் ஒரு நோக்கமாக எழுதப்பட்டிருந்தது. அறங்காவலர்கள் விரும்பினால் முழுப் பணத்தையும் அந்த ஒரு நோக்கத்துக்கே செலவிடலாம் என்ற நிலை இருந்ததால், நிதி முழுவதும் அறத்துக்கு உரியது என்று சொல்ல முடியாது என 1967இல் இந்திய உச்ச நீதிமன்றம் சலுகையை மறுத்தது. ஆவணத்தில் இருந்த ஒரு வாசகத்தால், கொடுத்தவர் சலுகையை இழந்தார்.

ஆகவே செயலவைப் பொறுப்பில் உள்ள அன்பர்களுக்கு என் பணிவான வேண்டுகோள். உங்கள் சங்க விதிகளை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். அறமல்லாத நோக்கம் ஏதும் உள்ளே நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கீகாரம் இல்லையென்றால் விண்ணப்பியுங்கள். அது கிடைக்கும்வரை, 'வரிச்சலுகை உண்டு' என்று நன்கொடையாளரிடம் வாய்மொழியாகக்கூடச் சொல்லாதீர்கள். விளம்பரத்துக்கு ஒரு சீட்டு, நன்கொடைக்கு ஒரு சீட்டு என்று பிரித்துக் கொடுங்கள்.

ஆணையர் முன் செல்ல நேர்ந்தால்

வரி மதிப்பீடு தவறென்று நீங்கள் உண்மையாகவே கருதினால் அதற்கும் வழி உண்டு. மதிப்பீட்டு அறிவிப்பு கிடைத்த 30 நாளுக்குள் கியூ படிவத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். வரி அலுவலகத்தோடு உடன்பாடு ஏற்படாவிட்டால் வழக்கு வருமான வரிச் சிறப்பு ஆணையர்கள் முன் செல்லும். அவர்களே நம் நாட்டில் இதற்கான தீர்ப்பாயம். அங்கே மூன்று செய்திகளை மறக்கக்கூடாது. மதிப்பீடு தவறென்று மெய்ப்பிக்கும் பொறுப்பு மேல்முறையீடு செய்பவருடையது. மேல்முறையீடு நடக்கிறது என்பதால் வரி கட்டுவதை நிறுத்திவைக்க முடியாது. நடந்தது என்ன என்று ஆணையர்கள் முடிவு செய்துவிட்டால், மேல் நீதிமன்றங்கள் அதை எளிதில் மாற்றுவதில்லை. ஆகவே சான்றுகள் முதல் நாளிலேயே வேண்டும். கணக்கேடுகளையும் சீட்டுகளையும் ஏழு ஆண்டுகள் காக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதும் இதற்காகத்தான்.

நிறுவனங்களுக்கு 2001ஆம் மதிப்பீட்டு ஆண்டு முதலும் தனிநபர்களுக்கு 2004 முதலும் சுயமதிப்பீட்டு முறை வந்துவிட்டது. முன்பு அதிகாரி கணக்கைப் பார்த்து வரி சொன்னார். இப்போது நாமே சொல்கிறோம், அவர் பிறகு வந்து சோதிக்கிறார். தவறான கணக்குக் கொடுத்தால், குறைத்துக் காட்டிய வரிக்குச் சமமான தொகை வரை அபராதம் விதிக்க 113(2) பிரிவில் இடமுண்டு.

இதனால் அஞ்ச வேண்டியதில்லை. சட்டத்தின் சொல் வரி கட்டுவோரையும் காக்கிறது. தோட்டத் துண்டாடலின்போது நம் தொழிலாளர்களின் சேமிப்பைத் திரட்டி 1960இல் துன் சம்பந்தனார் முயற்சியால் எழுந்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், வருமான வரி வழக்கொன்றில் அன்றைய உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வரிச் சட்டத்தின் சொற்களை அரசுக்காக நீட்டவும் கூடாது, ஐயம் இருக்குமிடத்தில் மக்கள்மேல் சுமை ஏற்றவும் கூடாது என்ற கோட்பாட்டுக்காக, 1994ஆம் ஆண்டுத் தொகுப்பில் வெளியான அத்தீர்ப்பு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. நம் சங்கத்தின் பெயர் நாட்டின் வரிச் சட்டத்தில் இப்படி நிலைத்திருப்பது நமக்குப் பெருமையே.

சிவப்பு நோட்டு

கதையை முடிக்கிறேன். அன்று அபராதத் தொகையை மாதாமாதம் என் சம்பளத்தில் பிடித்துக் கொள்ளும்படி முதலாளியிடம் சொன்னேன். "தப்பு உன் கையில நடந்தது தம்பி. ஆனா கணக்குல போட்ட கையெழுத்து என்னுது" என்று சொல்லிவிட்டுக் காசோலை எழுதினார். மேல்முறையீடு செய்யலாமா என்று கேட்டேன். "நாம எழுதினது நிசமா?" என்றார். நான் தலை குனிந்தேன். "அப்புறம் எதுக்கு?" என்றார்.

மறுநாள் எதிர்க்கடையிலிருந்து சிவப்பு அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்கி வரச் சொன்னார். அதன் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டுத் 'தர்மக் கணக்கு' என்று அவரே எழுதினார். அன்று முதல், எந்தக் கோயிலார் வந்தாலும் "அங்கீகாரம் இருக்குங்களா?" என்று கேட்பார். இருக்கிறது என்றால் சீட்டை என்னிடம் தருவார். இல்லை என்றாலும் கொடுப்பார். ஒரு வெள்ளியும் குறைக்கமாட்டார். ஆனால் அது சிவப்பு நோட்டில் அவருடைய சொந்தப் பற்றாக ஏறும், கடைக் கணக்குக்கு வராது.

ஒருமுறை துணிந்து கேட்டேன், "முதலாளி, கழிவில்லாத இடத்துக்கும் இவ்வளவு கொடுக்கிறீர்களே?" என்று. "வரி கட்டினதுக்கப்புறம் மிஞ்சுறதுதான் தம்பி நம்ம காசு. நம்ம காசைக் கொடுத்தாத்தானே அது நாம கொடுத்தது" என்றார்.

1986இல் அவர் கேட்ட கேள்விக்குப் பதிலை நான் தீர்ப்புகளில் தேடிக் கண்டுபிடித்தேன். அவருக்கு எந்தத் தீர்ப்பும் தேவைப்படவில்லை. அன்பர்களே, கழிவு உள்ள இடத்தில் முறையாகக் கேட்டுப் பெறுங்கள். அது உங்கள் உரிமை. கழிவு இல்லாத இடத்திலும் கொடுங்கள். அது உங்கள் தர்மம். இரண்டையும் ஒரே பக்கத்தில் மட்டும் எழுதிவிடாதீர்கள்.